திரைச்சீலைக்காரியின் ஓட்டு

கடல் தாண்டியிருந்த அந்தப் பெரிய நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த மறுநாள் காலை, லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி பல் தேய்க்கப் போனபோது அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் ஓட்டு மை இருந்தது. நகத்தையும் தோலையும் சேர்த்து இழுத்த ஊதாக் கோடு, இன்னும் சரியாகக் காயவில்லை. அவள் அந்த நாட்டுக்குப் போனவள் அல்ல, பாஸ்போர்ட்டும் கிடையாது. முந்தின நாள் திரைச்சீலைக் கடையில் வேலை முடிந்து வந்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து, வழக்கம்போலத்தான் படுத்திருந்தாள். சோப்பு போட்டாள், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள், கணவனின் கருவிப் பெட்டியிலிருந்த மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்தாள். மை போகவில்லை. கட்டிலுக்கு அடியில் அவளுடைய ரப்பர் செருப்பு நனைந்து கிடந்தது. அதன் வாரில் சிக்கியிருந்த பனிக்கட்டி, அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகித் தரையில் ஓடியது.

அந்தத் தேர்தலை அவள் கணவன் அளவுக்கு அந்தத் தெருவில் யாரும் விடாமல் கவனித்ததில்லை. எட்டு மாடிக் குடியிருப்பின் இரண்டு லிஃப்டுகளும் அவன் பொறுப்பில் இருந்தன. நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்கள், கதவு திறக்கும்வரை, அந்த நாட்டின் மாகாண நிலவரத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கீழே சலூனில் காலையிலிருந்தே அதே பேச்சு. மேடையில் ஓங்கி ஓங்கிக் குத்திப் பேசிய வேட்பாளருக்குத் தெருவில் சுத்தியல் என்று பெயர். அவரை எதிர்த்து நின்ற அம்மாளுக்கு டீச்சர். வெளியிலிருந்து பிழைக்க வந்த ஒருத்தர் விடாமல் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சுத்தியல் சொல்லியிருந்தார். மாடிக்கு நாலு பையன்களாவது அந்த நாட்டில் வேலை பார்த்ததால், குடியிருப்பே டீச்சர் பக்கம். சலூன்காரர் மட்டும், யாராவது ஒருத்தன் மறுத்துப் பேசினால்தானே கடை களைகட்டும் என்று சுத்தியல் பக்கம் நின்றார். மெக்கானிக்கின் ஒரே மகன் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். போய் ஏழு வருஷம். ஒரு முறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவான். முன்நெற்றியில் முடி ஏறிக்கொண்டே போவதை அவள் அந்தக் கண்ணாடிச் சதுரத்தில்தான் பார்த்து வந்தாள்.

மையைக் கண்டதும் மெக்கானிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத்தனை மாசமா தொண்டை கிழியக் கத்தினது நான். மை உனக்கா?" என்று தன் பத்து விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றுமில்லை, கிரீஸ்தான் இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். ஒரு பள்ளிக்கூட வாசலில் பெரிய வரிசை. கால் விறைக்கும் குளிர். முன்னால் நின்றவர் இவள் நைட்டியோடு நடுங்குவதைப் பார்த்துத் தன் மஃப்ளரைக் கழற்றிக் கொடுத்தார். மேஜைக்காரர் பெயரைக்கூடக் கேட்காமல் விரலை நீட்டச் சொன்னார். "அப்புறம்?" என்றான் அவன். "அப்புறம் என்ன, போட்டுட்டு வந்துட்டேன்." யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாக அது அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் முடிவு வந்தது. சுத்தியல் ஜெயித்துவிட்டார், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். சலூன்காரரின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. சும்மா வாய்க்கு ருசியாகப் பேசிவந்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாதி வெட்டிய தலையோடு ஆட்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். குடியிருப்பின் இரண்டு லிஃப்டுகளும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தாமாகவே நின்றுவிட்டன. மோட்டாரில் பழுதில்லை, கம்பியில் பழுதில்லை. மெக்கானிக் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் யாரோ ஒரு அம்மாள் வாய்விட்டு அழுத பிறகுதான் அவை அசைந்தன.

அந்த நாட்டில் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். ஒவ்வொரு முறையும் வாக்காளர் பட்டியலில் இருந்ததைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வந்தது. பள்ளிக்கூடக் கேமராவில் நைட்டியும் ரப்பர் செருப்புமாக ஒரு பெண் நிற்பது தெரிந்தது. அந்தப் படத்தோடு இரண்டு அதிகாரிகள் விமானம் ஏறி வந்து, வெயிலில் கோட்டுக்குள் வெந்துகொண்டு, ஆறாவது மாடிக்கு ஏறினார்கள். விரலைப் பார்த்தார்கள், கொண்டுவந்த புட்டியிலிருந்த மையோடு ஒப்பிட்டார்கள், தங்கள் மைதான் என்று ஒத்துக்கொண்டார்கள். மஃப்ளரை அதன் சொந்தக்காரரிடம் சேர்க்கச் சொல்லி அவள் துவைத்து மடித்துக் கொடுத்தாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்க அவர்கள் சட்டத்தில் இடமில்லை. பெட்டிக்குள் விழுந்த ஓட்டு விழுந்ததுதான் என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டதால், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தெருவில் அவளுக்கு வந்த மரியாதை அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. நம்ம எல்லார் பிள்ளைகளுக்காகவும் பனியில் போய் நின்றவள் என்றார்கள். அவள் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இரண்டு ஓட்டில் தோற்றிருப்போம் என்று கணக்குச் சொன்னார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். திரைச்சீலைக் கடை முதலாளி, மை ஒட்டிவிடும் என்று வெள்ளைத் துணியை அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்தவர், தானே வந்து மறுபடி கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அவர்கள் அதற்குள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திரைச்சீலைகளின் கொசுவத்தைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள்.

பிறகு விமானங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பையனாகத் தோள்பையோடு வந்து இறங்கினான். கட்டிக்கொண்டிருந்த வீடுகள் லிண்டல் மட்டத்தில் நின்றன, நிச்சயம் செய்த பெண் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மெக்கானிக்கின் மகன் மழைக்காலத்தில் வந்தான். கண்ணாடிச் சதுரத்தில் பார்த்ததைவிட உயரமாக இருந்தான். அவள் அவன் முதுகையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் சிரித்தான், சாப்பிட்டான், தூங்கினான். ஆனால் எந்நேரமும் சட்டைப் பையில் எதையோ தொட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அப்பா வற்புறுத்திக் கேட்க, வெளியே எடுத்தான். ஸ்டாம்பு அளவில் ஒரு பெண்ணின் படம். அதே கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினவள். குளிர் விட்டதும் கல்யாணம் செய்வதாக இருந்தார்கள். அவளை அவளுடைய நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இவனை இங்கே. விமானம் ஏற்றும்போது போன்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் நாட்டின் பெயரைத் தவிர அவனிடம் வேறு விலாசம் இல்லை.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான்டா உன்னை வரவழைச்சேன்" என்றாள்.

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் புரிய நேரம் பிடித்தது. "சுத்தியலுக்கா போட்ட?" என்று மெக்கானிக் கேட்டான்.

"நீ ஏழு வருஷமா வரேன் வரேன்னு சொன்ன. உங்கப்பா வருவான் வருவான்னு சொன்னாரு. அந்த ஆள் ஒருத்தன்தான் அனுப்பறேன்னு சொன்னான்."

மகன் படத்தைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றான். அவள் எழுந்து கை கழுவப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

வாய் ஓயாத மெக்கானிக், அந்த விஷயத்தை மட்டும் சாகும்வரை வெளியே விடவில்லை. விட்டிருந்தால் அந்தக் குடியிருப்பில் அவர்கள் இருந்திருக்க முடியாது. மற்ற பையன்களில் சிலர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள், சிலருக்குக் கடைசிவரை எதுவும் சரியாகவில்லை. மகன் அப்பாவோடு லிஃப்ட் வேலைக்குப் போனான். அம்மாவிடம் தண்ணீர், சாவி, குடை என்று தேவைக்கு மட்டும் பேசினான். மை தேய்ந்து, புது நகம் முளைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அப்போது அந்தப் பெண்ணின் நாட்டிலும் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. சின்ன நாடு. டிவியில் கடைசிச் செய்தியாக, வானிலைக்கு முன்னால் சொன்னார்கள். சலூனில் யாரும் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் காலை திரைச்சீலைக்காரியின் நடுவிரலில் பச்சை மை இருந்தது, செருப்பில் செம்மண். வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்ற மகனிடம் போய், "அவளைப் பார்த்தேன். கொஞ்சம் இளைச்சிருக்கா. விலாசம் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். அவன் நுரையை விழுங்கிவிட்டான்.

"இந்தத் தடவை யாருக்குப் போட்ட?" என்று மெக்கானிக் உள்ளிருந்து கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து, அவள் சொல்வதற்கு முன்னால் அவனாகவே அவள் முடிவைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் குத்தாம வெறுஞ்சீட்டாப் போட்டேங்க. அந்த ஊர்ல இருக்கப்போறவங்க அவங்க. அவங்க பார்த்துக்கட்டும்."

அந்தப் பெண் ஒரு பெட்டியோடு வெயில்காலத்தில் வந்து சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்காமல் நேராகக் குடியிருப்பு வாசலுக்கு வந்தாள். லிஃப்டில் மேலே வேலையாக இருந்த மகனை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். அவன் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் ஓடி வந்தான். வாசலில் கூடியவர்களில் சலூன்காரர்தான், இவ்வளவு தூரத்திலிருந்து இந்த இடத்தை எப்படிம்மா கண்டுபிடித்தாய் என்று விசாரித்தார். அவள் புரிந்துகொண்டு, வழியில் சேர்த்துவைத்திருந்த நாலைந்து வார்த்தைகளை வைத்துப் பதில் சொன்னாள்.

"ஓட்டு வரிசை. எனக்கு முன்னாடி அத்தை. அத்தை சொன்னாங்க."

"அதானே, வரிசையில நின்னா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட நாலு வார்த்தை பேசத்தானே செய்வாங்க" என்று சொல்லிவிட்டு, சலூன்காரர் காதோரம் சோப்பு காய்ந்துகொண்டிருந்த வாடிக்கையாளரிடம் திரும்பிப் போனார்.