உப்பு டிரம்மில் நாலு சென்சார்

ராதிகா மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். சித்தேரி மலையிலிருந்து வேலைக்கு வருகிறவள், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். பேசாதவளை எப்படி நம்புவது? பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் சொந்தப் பேரில் பட்டறை வைத்திருக்கும் இந்த அமுதவல்லிக்குப் பேச்சுதான் பிழைப்பே.

கடலை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வேலை கடலுக்கானது. தூத்துக்குடியில் சவுரியப்பன் கடலுக்குள் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறார். தண்ணீரின் சூட்டைப் பார்க்கக் கூண்டுக்கு ஒரு சென்சார். ஒயர் முனையில் இருக்கும் அதை ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்டீல் குழாய்க்குள் விட்டு, இரண்டு பாட்டில் பசையைக் கலந்து ஊற்றி இறுகவைப்போம். உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் இரண்டு வருஷம் தாங்க வேண்டும். போன தடவை அனுப்பிய இருபதில் நாலு, இரண்டே மாதத்தில் செத்துப்போயின.

"இன்னொரு தடவ பாக்கேன். இதுவும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார் சவுரியப்பன். அந்த ஒரு ஆர்டர்தான் எங்களுக்குச் சோறு.

அதனால் இந்தத் தடவை இருபதையும் கல்லுப்பு கரைத்த டிரம்மில் நாற்பது நாள் ஊறப்போட்டேன். இன்று காலை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். பதினாறு சென்சார்கள் இருபத்தேழு டிகிரி காட்ட, நாலு மட்டும் எண்பத்தைந்து என்று உளறின. மறுபடியும் நாலு! பட்டறையில் இருப்பதே இரண்டு பேர். நான் கெடுக்கவில்லையென்றால் வேறு யார்?

அவள் சின்ன நோட்டில் எதையோ எழுதுவாள். நான் வந்தால் சட்டென்று டிபன் பைக்குள் திணிப்பாள். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவன் இதே தொழிலைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். பசை கலக்கும் அளவை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, என் சரக்கையும் கெடுக்கிறாள். அடிப்பாவி!

உடனே சவுரியப்பனுக்கு போன் போட்டேன். "கெடுக்கறவளக் கண்டுபுடிச்சிட்டேனுங்க. சாயங்காலத்துக்குள்ள கையும் களவுமா புடிச்சிடறேன்."

ராதிகா டிரம் பக்கம் போனதும் பையிலிருந்து நோட்டை உருவினேன். பசை அளவு எதுவும் அதில் இல்லை. ஒன்றிலிருந்து இருபது வரை சென்சார் நம்பர்கள். ஒன்று, ஆறு, பதினொன்று, பதினாறு என்ற இந்த நாலுக்கு நேரே 'அக்கா' என்று என்னைக் குறித்திருந்தாள். மற்றதற்கெல்லாம் 'நான்'. டிரம்மில் செத்துக் கிடந்ததும் அந்த நாலு நம்பர்தான்.

"என்னடி இது?" என்றேன். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தெனம் அஞ்சு செய்யறோம். மொதல் ஒயர மட்டும் கைராசின்னு நீங்கதான எடுத்துக் கண்ணுல ஒத்திக் குடுக்கறீங்க? அதுக்கு முன்னாடி சாமி வெளக்குக்கு எண்ண ஊத்திட்டு வர்றீங்கக்கா. எண்ண பட்ட எடத்துல பசை புடிக்கல."

"தொடச்சிட்டு ஊத்த வேண்டியதுதானடி!"

"மொத நாளே தொடைக்கப் போனேன். 'என் ராசியவே தொடைக்கறியா'ன்னு கத்துனீங்க."

கத்தியிருப்பேன். கத்தக்கூடியவள்தான் நான். கையை மோந்து பார்த்தேன், நல்லெண்ணெய் வாசம். அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன?"

"உங்க கையக் குத்தம் சொன்னா வேலைய வுட்டு அனுப்பிடுவீங்கன்னு பயமா இருந்துச்சுக்கா. நம்பரே சொல்லட்டும்னு எழுதி வச்சேன்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சவுரியப்பன்.

"ஆளு மாட்டுனாளா?"

"மாட்டிக்கிட்டாங்க. நாலு மட்டும் கெட்டிருக்குது. அத ராதிகா புதுசா செய்வாங்க."

"கெடுத்தவள வேலைய விட்டு அனுப்பியாச்சா? அவ கை படுத சரக்கு எனக்கு வேண்டாம்மா."

ராதிகாவைப் பார்த்தேன். நோட்டை அவளிடம் நீட்டினேன்.

"இனிமே அவ கை படாதுங்க. ஆனா அனுப்ப முடியாது. பட்டறையே அவ பேர்லதான் இருக்குதுங்க."