கண்ணின் வெள்ளை

திரையில் தம்பியின் முகம் பெரிதாக மிதந்தது. போட்டோ ஸ்டூடியோவின் பிற்பகல் அரைத் தூக்கத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து அவன் எட்டிப் பார்ப்பதுபோல அக்காவுக்குத் தோன்றியது. கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள். "பாழாப்போன லைட்டு" என்று திட்டிக்கொண்டே மவுஸை நாலு இழுப்பு இழுத்து வெள்ளையாக்கினாள். ஊரார் கண்ணையெல்லாம் ஆல்பத்தில் பளிச்சென்று ஆக்கியவளுக்குச் சொந்தத் தம்பியின் கண் எம்மாத்திரம்?

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே 'ஒல்லி' என்றுதான் பெயர். அது பொறுக்காமல் இரண்டு மாதமாகத் தினமும் மூலிகைப் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்துவந்தாள். "இலை தழைதானே, கெட்டதா பண்ணிடப்போகுது?" என்பாள். அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவான். அக்கா பேச்சைத் தட்டாத அசட்டுப் பிள்ளை.

வேலை விண்ணப்பத்தோடு அனுப்பிய அந்தப் படம் அளவு சரியில்லை என்று மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி எடுத்தாள். இப்போது விளக்கு புதிது. பின்னால் தொங்கிய துணி வெள்ளை, சட்டை வெள்ளை, கண் மட்டும் மஞ்சள். மவுஸுக்குப் போன கை அப்படியே நின்றது.

"டேய், ஒழுங்கா சாப்பிடறியா?"

"ரெண்டு வாரமா பசியே இல்லக்கா. சொன்னா நீ இன்னொரு ஸ்பூன் பொடி போடுவேன்னுதான் சொல்லல."

ஆஸ்பத்திரியில் சுவர், திரைச்சீலை, வெளிச்சம் எல்லாமே வெள்ளை. நடப்பதே மிதப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்றார் டாக்டர், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி.

"மருந்தா? ஒண்ணும் இல்லீங்க" என்றான் தம்பி. அவன் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் பொடியை யாரும் மருந்தென்று நினைத்ததே இல்லை.

அக்கா பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "நான்தான் குடுத்தேன் டாக்டர்."

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லீரல் நல்லா அடி வாங்கியிருக்கு. இன்னியோட இத நிறுத்துங்க. இங்கயே சேத்துப் பாக்கணும். தேறிடுவார்னு நம்பறேன், உறுதியா இப்ப சொல்ல முடியாது. இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம். மஞ்சள் எப்ப ஆரம்பிச்சது?"

தம்பி உதட்டைப் பிதுக்கினான். அவன் என்றைக்குக் கண்ணாடியை உற்றுப் பார்த்தான்?

"மூணு வாரம் முன்னாடி" என்றாள் அக்கா. "நான் பாத்தேன். பாத்துட்டு, நானே அழிச்சுட்டேன்."