வாலு சொன்ன வரிசை

“அத்தை நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களா கண்ணு?” என்று எதிர்வீட்டம்மா வாலுவை மடியில் இழுத்து உட்காரவைத்துக் கேட்டாள். வாலு தலையாட்டினாள். “தண்ணி கேட்டாங்களா?” அதற்கும் ஆட்டினாள். “பாவம், உங்கம்மாவைக் கூப்பிட்டாங்களா?” ஐந்து வயதுத் தலை, கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டது.

சுவரோரம் நின்றிருந்த வாலுவின் அம்மா அந்தக் கடைசித் தலையாட்டலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் போர்த்திக் கிடந்தது அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா; தெருவுக்கே தையலக்கா. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டில் ஓர் அறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தவள். மெஷின் நின்றாலும் வாய் நிற்காது. நாத்தனார் என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போகிற தம்பி மனைவியை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சரம்மாதான்.

“நரிக் கதையைப் பிள்ளைங்க சொல்லுது. உனக்கு எதுக்குடி சம்பளம்?”

“வரிசையா சொல்ல வைக்கணும் அண்ணி. அதான் வேலையே.”

“நரி வரிசையில நின்னு நான் பாத்ததில்லையே!”

நேற்று மாலை வாலு அத்தையோடு தையலறையில் இருந்தாள். அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி கூப்பிட்டிருந்தால்? குழாய்ச் சத்தத்தில் காதில் விழாமல் போயிருந்தால்? அந்த ஒரு கேள்விதான் நேற்றிலிருந்து அவளைப் பிடுங்கித் தின்றது. அழக்கூட விடவில்லை.

பிள்ளைகளிடம் எப்படிக் கேட்கக் கூடாது என்பது அவளுக்கு அத்துப்படி. கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். போதாக்குறைக்கு முகத்தையும் பார்ப்பார்கள். கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து அதையே சொல்வார்கள். அதனால் சீப்பை எடுத்துக்கொண்டு, “வாடி, தலை பின்னிவிடறேன்” என்று வாலுவைத் தையலறைக்கு இழுத்துப் போனாள். தனக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள்.

“நேத்து நீயும் அத்தையும் இங்க இருந்தீங்கல்ல. முதல்ல என்ன ஆச்சு?”

“அத்தை பட்டன் தச்சாங்க.”

“அப்புறம்?”

“நான் மிச்சப் பட்டனை எல்லாம் கலர் கலரா அடுக்கினேன்.”

“ம். அப்புறம்?”

“அத்தைக்கு வேர்த்துச்சு. பாயில படுத்தாங்க.”

சீப்பு நின்றது. பிறகு நகர்ந்தது. “அப்புறம்?”

“அம்மாவைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம்டி, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்னாங்க. உங்கம்மா வந்தா முதல்ல என்ன, அப்புறம் என்னன்னு கேட்டு உயிரை எடுப்பான்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் தூங்கிட்டாங்க.”

வகுப்பில் இதற்குமேல் ஒரு சோதனை உண்டு. கதையைத் தானே திருப்பிச் சொல்லி, நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செருகுவாள். தன் வாயால் வரிசையாகச் சொல்லி முடித்த பிள்ளை அதை விடாது, கத்தித் தீர்க்கும். இன்றைக்கு அதைச் செய்ய அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் செய்தாள்.

“அத்தை பட்டன் தச்சாங்க. நீ அடுக்கினே. அவங்க படுத்தாங்க. அப்புறம், டீச்சரம்மா, டீச்சரம்மான்னு என்னைக் கூப்பிட்டாங்க...”

“ஐயோ, தப்பு!” வாலு வெடுக்கென்று திரும்ப முயன்றாள்; பாதிப் பின்னல் அம்மா கையில் இருந்ததால் முடியவில்லை. “கூப்பிடவே இல்லம்மா. வேணாம்னுதான் சொன்னாங்க. நீ ஒழுங்காவே கேக்கல.”

“அப்ப எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட மட்டும் ஆமான்னே?”

“அவங்க அழுதாங்க. அதான்.”

நேற்றிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. அண்ணி இல்லாத வீட்டில் இனி யார் தன்னை டீச்சரம்மா என்று கூப்பிடப் போகிறார்கள் என்று வந்தது. சத்தம் வராமல் அழுதபடியே பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

கணவன் வாசலில் வந்து நின்றான். கண்கள் வீங்கியிருந்தன. “வண்டி வந்தாச்சு. அக்காவை எடுக்கணும்.”

“ஒரு நிமிஷம், வந்துடறேன்.”

வாலு எழப் போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தாள். ரிப்பனை உருவிப் பின்னலை அடிவரை அவிழ்த்தாள்.

“முதல்லேருந்து சொல்லு.”