அக்கா பார்த்து வைத்த கவுன்சிலர்

குடிகாரிக்கு ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று அக்கா சொன்னாள். அதுவும் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம் என்று தங்கை கேட்டாள்.

தங்கைக்கு வேலையிடத்தில் ஸ்பானர் என்று பெயர். பதினாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் விழுந்து கிடந்தாளே, அன்றிலிருந்து அவளுடைய ஒன்பது வயது மகள் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளையைத் திருப்பி அனுப்ப அக்கா போட்ட நிபந்தனை இரண்டு: நாற்பது நாள் குடிக்கக் கூடாது, நல்ல கவுன்சிலரிடம் சேர வேண்டும். நாற்பது நாள் ஆகிவிட்டது என்று ஸ்பானர் சொல்லியிருந்தாள். எங்கே ஆயிற்று! செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டில் உள்ளே போயிருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்தாள்.

கவுன்சிலரையும் அக்காவே பார்த்து வைத்துவிட்டாள். பெரிய கண்ணாடி மேஜை, சுவர் நிறையச் சான்றிதழ்கள்.

"உங்ககிட்ட வந்துட்டு மறுபடி குடிச்சவங்க எத்தனை பேர் சார்?" என்று ஸ்பானர் உட்காரும் முன்பே கேட்டாள்.

"ஒருத்தர்கூட இல்லைம்மா. நீங்க பேசறதை வாராவாரம் உங்க அக்காவுக்குச் சொல்லிடறேன், கவலைப்படாதீங்க."

"அப்போ அக்காவையே வரச் சொல்றேன் சார். அவளுக்குத்தான் பேச நிறைய இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அக்கா போனில் எண்ணெயில் போட்ட கடுகாய் வெடித்தாள். "ஊர்ல உள்ளவங்க தவம் கிடக்கிறாங்கடி அவர்கிட்ட!"

"கிடக்கட்டும். விழுந்தவ நான். யார் கையைப் பிடிச்சு எந்திரிக்கணும்னு நான்தான் பார்ப்பேன்."

புது லிஃப்டில் ஆளை ஏற்றுவதற்கு முன் அளவுக்கு மேல் எடையை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கவுன்சிலர்களுக்கும் அதையே செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. எடைக்குப் பதில் பொய். பொய்யைக் கண்டுபிடிக்கிறவரிடம் சேர்வது, ஏமாறுகிறவரைக் கழித்துக் கட்டுவது. இரண்டாவது ஆளிடம் நாற்பது நாள் என்றதும் அவர் எழுந்து நின்று கைதட்டினார். ஸ்பானரும் எழுந்தாள், வெளியே போக.

மூன்றாவது, டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்ட ஒரு அம்மா.

"குடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"நாப்பது."

அந்த அம்மா நாற்பது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், ஸ்பானருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"பொய்ம்மா அது! செவ்வாய்க்கிழமை குடிச்சேன். இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியலையே. கை நடுங்கறதைப் பார்த்தேன். காப்பி ஜாஸ்தி குடிப்பீங்க போலன்னு நினைச்சேன்." நாற்பதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். "முதல்ல இன்னைக்கே டாக்டரைப் பாருங்க, திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. நான் போலீஸ் இல்லைம்மா. பொய் சொன்னா இனிமேலும் நம்புவேன். நஷ்டம் உங்களுக்குத்தான்."

"உங்ககிட்ட வந்துட்டு மறுபடி குடிச்சவங்க?"

"நிறையப் பேர். போன வருஷம் ஒருத்தர் செத்தே போனார். வராம நின்ன மூணாவது வாரம்தான் போன் பண்ணேன். முதல் நாளே பண்ணியிருக்கணும். என் தப்பு. இப்ப முதல் நாளே பண்றேன்."

ஸ்பானர் தான் போட்ட கணக்கின்படி எழுந்து போயிருக்க வேண்டும். பொய்யில் ஏமாந்த ஆள்தானே? ஆனால் தன் தப்பை இப்படிப் போட்டு உடைத்த ஒருவரை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவளும் போட்டு உடைத்ததில்லை. தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, டயர் கடை மாடியில் ஒரு அம்மாவிடம் சேர்ந்துவிட்டதாக அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, டாக்டரிடமும் போய்விட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

நாற்பது நாள் முடிந்தது என்று அக்கா நம்பியிருந்ததால், மகள் பையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். ஸ்பானர் அந்தப் பையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும், பிள்ளை இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும்.

"அக்கா, நாப்பது நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை குடிச்சேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! அந்த டயர் கடைக்காரி இதைத்தான் சொல்லிக் கொடுத்தாளா? நான் சொன்ன இடத்துக்கே போ. இல்லைன்னா பிள்ளையை மறந்துடு."

"பிள்ளை எப்ப வரணும்னு நீ சொல்லு, கேட்டுக்கறேன். பொய் சொன்னதுக்கு அது எனக்கு வேணும். ஆனா நான் யார்கிட்ட போகணும்னு நான்தான் சொல்லுவேன். தலைகீழா நின்னாலும் அதை மாத்த முடியாது."

மகள் பையைக் கீழே வைத்தாள். "செவ்வாய்க்கிழமை குடிச்சது எனக்குத் தெரியும்மா."

"எப்படிடீ?"

"ஒரே போன்ல மூணு தடவை சாப்பிட்டியான்னு கேட்டே."

பொய்யைக் கண்டுபிடிக்கிற ஆள் இங்கேயே இருந்திருக்கிறாள். கவுன்சிலர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தாளே! தரையில் மண்டிபோட்டு மகளின் தோளைப் பிடித்தாள்.

"இனிமே தெரிஞ்சா கம்முனு இருக்காதே. மூஞ்சிக்கு நேரா கேளு."

"கேட்டா திட்டுவியே."

"திட்டுவேன். நீ விடாதே, கேளு."