கொம்பு காய்வதற்குள்

“போய்க் கூப்பிட்டா என்ன, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

“அண்ணன் அவனாத்தான் போனான். அவனா வரட்டும்.”

“அவரா ஒண்ணும் போகல. கத்தி வாங்க வந்த ஆள் முன்னாடி, ‘எங்க அண்ணனுக்குக் கண்ணு மங்கிடுச்சு, பிடியெல்லாம் கோணலா வருது’ன்னு சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?”

அவன் மனைவியிடமிருந்து திரும்பி அடுப்பை எட்டிப் பார்த்தான். பாத்திரத்தில் மான்கொம்புத் துண்டு ஒன்று வெந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க நனைந்த நாயின் வாசம்.

“என் பால் பாத்திரம் அது. இனி இதுல பால் காய்ச்சினா மான் வந்து பங்கு கேக்கும்.”

அவன் சிரிக்கவில்லை. சமையலறைக்கும் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கும் நடையாய் நடந்தான். இரும்பைக் காய்ச்சி அடித்துக் கத்தி அலகாக்குவது அவன் வேலை. பிடி போடுவது அண்ணன் வேலை. அண்ணன் கோபித்துக்கொண்டு பூட்டு சாவிக் கடையில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, அலகுகள் பிடியில்லாமல் மேசையில் குவிந்து கிடந்தன. அவனுக்கு அண்ணன் திரும்பி வர வேண்டும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. ஒரே ஒரு பிடியைத் தானே போட்டுவிட்டால் இந்தத் தவிப்பு அடங்கிவிடும் என்று தோன்றியது.

கொம்பு வெந்தால் உள்ளே பஞ்சு போலிருக்கும் பகுதி இளகும். அந்தச் சூட்டிலேயே, அலகின் பின்னால் நீளும் வாலை அதற்குள் செருகிவிட வேண்டும். காய்ந்ததும் கல்லாய் இறுகிவிடும். பிறகு கொம்பை உடைத்தால்தான் வெளியே வரும். பெருவிரல் பதிவதற்கான பள்ளத்தை அவன் முன்பே ராவி வைத்திருந்தான். பட்டறை மேசையிலிருந்த வைஸ் இடுக்கியில் அலகை வழக்கம்போல இறுக்கி, துணியால் கொம்பைப் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்தினான். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இவ்வளவுதானா?

பின்னாலேயே பட்டறைக்கு வந்திருந்த மனைவி வாங்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னங்க, என் பெருவிரல் அந்தரத்துல தொங்குது.”

அவன் பிடுங்கிப் பார்த்தான். வலக்கையில் பள்ளம் மறுபுறம் இருந்தது. இடக்கைக்கு மாற்றினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

இத்தனை வருடமும் வைஸுக்கு அந்தப் பக்கம் நின்று அலகைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். எதிரே நின்று அண்ணன் பிடியை மாட்டும்போது பள்ளம் எப்போதும் தனக்கு வலப்புறம் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறான். இன்று அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, பழையபடியே பள்ளத்தை வலப்புறம் வைத்துவிட்டான்.

“கோணல்னு யாரையோ சொன்னீங்களே,” என்றாள் மனைவி. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே மேற்கொண்டு சிரிப்பு வரவில்லை.

கொம்பு காய்ந்துவிடக் கூடாதென்று ஈரத்துணியில் கத்தியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

“எங்க போறீங்க?”

“சும்மா.”

“சும்மா போறவங்க செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டா போவாங்க?”

தெரு முழுக்கத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிக்னலில் நிற்க முடியாமல் இரண்டு பேரை இடித்துக்கொண்டு கடந்தான். என்ன சொல்வதென்று மனதுக்குள் எழுதி எழுதி அடித்தான். எழுதியவை எல்லாமே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தன. சாவிக் கடையைத் தாண்டிப் போய், தபால்பெட்டி வரை நடந்து, திரும்பி வந்தான்.

அண்ணன் இயந்திரத்தில் சாவி வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன, வீட்டைப் பூட்டிட்டுச் சாவியைத் தொலைச்சுட்டியா?”

அவன் ஈரத்துணிப் பொட்டலத்தைக் கல்லாமேசைமேல் வைத்தான். அண்ணன் துணியைப் பிரித்தார். பிறகு வேண்டுமென்றே கண்களை மூடிக்கொண்டு பிடியை விரல்களால் தடவினார்.

“யாருக்கு? இடக்கைக்காரனுக்கா?”

“இல்ல.”

“அப்படியா? நான்தான் கண்ணு மங்கினவனாச்சே. தப்பாத் தெரியுதோ என்னவோ.”

அவனுக்குக் காது சுட்டது. “உன் இடத்துல நின்னு மாட்டினேன், அண்ணே.”

அண்ணன் கண்ணைத் திறந்தார். இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. துணியின் ஓரங்கள் ஏற்கனவே காய ஆரம்பித்திருந்தன.

“இறுகறதுக்குள்ள கழட்டணும். எனக்கு வராது,” என்றான். “பட்டறைக்கு வர்றியா?”