ஒன்பதாம் பெட்டி

இது எந்த ஏப்ரலில் நடந்தது என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. பேச்சில் பாதியை நானே சேர்த்திருக்கவும் கூடும். ஆனால் ஒரே விடியலில் மேல் தோட்டத்து ஓப்ரெனின் ஆப்ரிகாட் பூக்கள் கருகியதும், கீழ்த் தோட்டத்து மிலென்கோவின் பூக்கள் தப்பியதும் நிச்சயம்.

உறைபனி வந்தால் அந்தந்தத் தோட்டக்காரரைப் போனில் எழுப்ப, சரிவு முழுக்க இருபது பெட்டிகளை நட்டவள் எஞ்சினியர் ராடோய்கா. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பெட்டிகள் தினமும் தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். மற்றவை அதனிடம் சொல்ல, அது மட்டும் மேட்டிலிருந்த கோபுரத்துக்கு அனுப்பும். எதில் சார்ஜ் அதிகமோ அதற்கே தலைமை. இந்தச் சோதனை தோற்றால் நோவி சாத் நகரில் அவள் வேலை போய்விடும்.

பூக்கள் கருகிய அன்று காலையில் அவள் வந்தபோது பத்தொன்பது பெட்டிகள் செத்திருந்தன. பள்ளத்தில், மிலென்கோ தோட்டத்து ஒன்பதாம் பெட்டிக்கு மட்டும் உயிர் இருந்தது.

"அவன் வீட்டு ராக்கியாச் சாராயம் அவ்ளோ ருசியா, எஞ்சினியரம்மா?" என்றான் ஓப்ரென்.

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவள் போடாத புது பேட்டரிகள்.

"யார் மாத்துனது?"

"நான்தான்," என்றான் மிலென்கோ. "பனி முதல்ல என் பள்ளத்துலதான் இறங்கும். நல்லதா வாங்கிப் போட்டேன். தப்பா?"

"மூணு வாரமா இதுவே தலைமை! இந்தப் பள்ளம் வரைக்கும், இவ்ளோ தூரம் சிக்னல் கத்திக் கத்தியே மத்ததெல்லாம் செத்துப்போச்சு."

ஓப்ரென் மிலென்கோ பக்கம் திரும்பினான். "உனக்குப் போன் அடிச்சுதுல்ல? வைக்கோல் கொளுத்திப் பனியை விரட்டினேல்ல? என் கதவையும் தட்டியிருந்தா கை ஒடிஞ்சிருக்குமாடா?"

"என் நிழல்கூட உன் வாசல்ல விழக்கூடாதுன்னவன் நீதானே."

பிறகு மிலென்கோ அவளைப் பார்த்தான்.

"சார்ஜைப் பாத்தீங்க, சரி. தூரத்தைப் பாக்கணும்னு தோணலையா?"

அவளுக்குத் தோன்றியிருந்தது. பெட்டிகளின் நிரலில் அந்த வரியை எழுதவும் செய்திருந்தாள். அந்தக் கணக்குக்கும் சார்ஜ் செலவாகிறதென்று அவளே பிறகு நீக்கினாள். அதைச் சொல்ல வாயெடுத்து, பெட்டியின் மூடியைத் திருகி மூடினாள்.

"பேட்டரியைத் தொடாதேன்னு சொல்லியிருந்தேன்."

"என்கிட்ட நீங்க சொல்லவே இல்ல."

"சொன்னேன்."

ஓப்ரென் அன்றே தன் பெட்டிகளைக் கம்பத்தோடு பிடுங்கி எறிந்தான். அடுத்த ஆண்டு மரங்களை வெட்டி வால்நட் வைத்தான். மிலென்கோ இன்னும் அதே பள்ளத்தில் ஆப்ரிகாட் வளர்க்கிறான். இருவருக்கும் பேச்சு இல்லை. ராடோய்கா அறிக்கையில் பேட்டரி மாற்றத்தை மட்டும் எழுதினாள். அவள் வேலை போகவில்லை.