கோப்பைக்குள் மூன்று கோடுகள்

ஊசி போட்ட இடத்தில் வலிக்கவே இல்லை என்பது நில அளவையாளருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது நடந்தால்தானே குறித்துக்கொள்ள முடியும்? முழங்கால்களில் நான்கு, மணிக்கட்டுகளில் இரண்டு, பாதங்களில் இரண்டு, புருவங்களுக்கு நடுவே ஒன்று என ஒன்பது ஊசிகளோடு மல்லாந்து படுத்திருந்தார். தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த ஊசிகள். சின்னக் குழாய் ஒன்றைத் தோலில் அழுத்தி, அதற்குள் ஊசியை நிறுத்தி, மேலே எட்டிப் பார்க்கும் நுனியை விரலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இறங்கிவிடுகிறது. குழாயின் அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் தோல், குத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறது. அக்குபங்சர் செய்யும் அம்மாள் இதை விளக்கியபோதுதான் அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ மூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னும் சொல்லுங்க மேடம்."

"அது எனக்கே முழுசா தெரியாது சார். கிருமியை இந்த ஊசி ஒண்ணும் பண்ணாது, அதுக்கு உங்க டாக்டர் குடுத்த மாத்திரைதான். வலி குறையுதா, தூக்கம் வருதான்னு ஆறு தடவை பார்ப்போம். ஒண்ணும் தெரியலேன்னா நானே போதும்னு சொல்லிடுவேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று வாரம். ஒப்புக்கொண்டார்.

எல்லாம் இரண்டு வருடங்களுக்கு முன் முழங்கால் உயரப் புல்லில் தொடங்கியது. காட்டோரம் புதுச் சாலைக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, எள்ளில் பாதிகூட இல்லாத ஓர் உண்ணி முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. பிறகு அங்கே வந்த சிவப்பு வளையத்தைக் கால்சட்டை உரசிய தடிப்பு என்று விட்டுவிட்டார். உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. மாத்திரைகளை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். பரிசோதனைத் தாள்கள் நல்லபடியாகவே வந்தன. ஆனால் காலையில் முழங்கால்கள் துருப்பிடித்த கீல்போலத் திறந்தன, தூக்கம் துண்டு துண்டாக வந்தது, வலது கை நடுங்கியது.

கை நடுக்கம்தான் பெரிய விஷயம். மட்டம் பார்க்கும் கருவியின் அடியில் மூன்று திருகுகள் இருக்கும். கண்ணாடிக்குள் மிதக்கும் காற்றுக் குமிழ் வட்டத்தின் நட்டநடுவே வந்து நிற்கும்வரை அவற்றை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். குமிழ் அசைந்துகொண்டிருக்கும்போது எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு களத்துக்குத் திரும்ப முடியுமா, அல்லது நிரந்தரமாக மேசை வேலையா என்று மேலதிகாரி கேட்டிருந்தார். ஊசி தொடங்கிய நான்காவது வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்காக அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். காலையில் மனைவி ஊற்றிவைக்கும் காபிக் கோப்பையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து பால்கனிக்குப் பன்னிரண்டு அடி நடப்பார். தட்டில் சிந்தியதைத் தேக்கரண்டியால் அளந்து, களப் புத்தகத்தில் எழுதுவார். ஊசிக்கு முன் மூன்று கரண்டி. இரண்டாம் முறைக்குப் பின் இரண்டு. நான்காம் முறைக்குப் பின் அரை. ஆறாவது முடிந்த மறுநாள், தட்டு காய்ந்தே இருந்தது.

"பாத்தியா டிரைவரம்மா? ஒரு சொட்டு இல்ல!"

நகரப் பேருந்து ஓட்டும் அவர் மனைவி சீருடைப் பொத்தானைப் போட்டபடி, "பாத்தேன், பாத்தேன். தட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை அவளுக்கு விடியற்காலை ஷிஃப்ட். அவரே கோப்பையை எடுத்தார். அவள் பாத்திரம் கழுவுவதும் பேருந்து ஓட்டுவதும் ஒரே மாதிரி: குறித்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். கோப்பைக்குள் தேய்க்காத பழுப்புக் கறை இருந்தது. காபியை நெடுநேரம் ஆறவிட்டுக் குடிப்பவர் அவர். தேங்கி நிற்கும் எதுவும் தன் உயரத்தைச் சுவரில் எழுதிவிட்டுத்தான் வடியும். பாலத் தூண்களில் வெள்ளக் கோடுகளைப் படித்துப் பழகிய கண் தானாகவே படித்தது. விளிம்பை ஒட்டி, பல வருடங்களின் அழுத்தமான கோடு. அதற்கு ஒரு விரல் கீழே இன்னொன்று. இரண்டு விரல் கீழே, மெல்லியதாக, புதிதாக மூன்றாவது.

கோப்பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நடுக்கம் இறங்கவில்லை. காபிதான் இறங்கியிருக்கிறது.

மதியம் அவள் வந்து காலணியைக் கழற்றும்வரை பொறுத்திருந்தார். கோப்பையை அவள் மடியில் வைத்தார்.

"எப்போலேர்ந்து குறைச்சு ஊத்துறே?"

அவள் உள்ளே பார்த்தாள். ஓடிவருகிறவரைக் கண்ணாடியில் பார்த்தும் வண்டியை நிறுத்தாத டிரைவரின் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"ரெண்டாவது ஊசிலேர்ந்து. தினமும் அந்தத் தட்டைப் பார்த்து உங்க மூஞ்சி போற போக்கு... என்னால பாக்க முடியலங்க."

"நாளைக்கு நான் பதில் சொல்லணும். நீ சோதனையையே கெடுத்துட்டே."

"கெடுத்துட்டேன். திட்டிக்கோங்க. ஆனா ஒண்ணு. முன்னாடி ராத்திரி நாலு தடவை எழுந்து நடப்பீங்க. இப்போ ஒரு தடவைதான். அதை நான் ஊத்திக் குறைக்கல."

"எண்ணினியா?"

"பக்கத்துல படுத்துக்கிட்டு வேற என்ன பண்றதாம், டிக்கெட்டா கிழிக்கிறது?"

அவர் புத்தகத்தில் அந்த எண் இல்லை. தன் தூக்கத்தைத் தானே அளக்க யாராலும் முடியாது, வெளியே ஒருவர் விழித்திருக்க வேண்டும். அது ஊசியின் வேலையா, வாரம் இருமுறை யாரும் எதுவும் கேட்காத அறையில் அரைமணி நேரம் அசையாமல் கிடந்ததாலா என்பதும் தெரியவில்லை. 'தூக்கம்: நான்கிலிருந்து ஒன்று. அளந்தவர்: மனைவி' என்று எழுதினார். அவள் வீங்கிய கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளி காலை. அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

"மேல் கோடு வரைக்கும் ஊத்து" என்றார்.

"வேணாங்க."

"ஊத்து. பொய் சொல்லாம."

அவள் கோடு தொடும்வரை ஊற்றிவிட்டு, அவருக்கு முன்னால் போய்ப் பால்கனியில் தெருவைப் பார்த்தபடி நின்றாள். அவர் தட்டைத் தூக்கினார். ஒன்று, இரண்டு. நான்காவது அடியில் முழங்கால் முனகியது. ஏழாவதில் காபி ஒரு பக்கமாகச் சாய்ந்து விளிம்பை நக்கியது. நின்றுவிட்டார்.

"என்ன, வண்டி நின்னுடுச்சா?" அவள் திரும்பவில்லை. கைகள் மட்டும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன.

"இரு. இன்னும் அசையுது."

"இருக்கேன். நிதானமா வாங்க."

கறுத்த வட்டத்தின் நடுவே ஒரே ஒரு நுரைக் குமிழ், கரைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது நடுவுக்கு வருகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.